உப்பில்லாமல் அரைத்த மிளகாய்

விஜயகலா வாயைத் திறந்தால் கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடுகளில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். மிகையாகச் சொல்லவில்லை. கஹவத்தையிலிருந்து தோட்டத்துக்கு வரும் பஸ்ஸில், பொம்பளைகள் இறங்கி முடிவதற்குள் மணியடித்த கண்டக்டரை ஒருநாள் பிடித்துக்கொண்டாள். சண்டையை நல்ல சிங்களத்தில்தான் தொடங்கினாள். ஆனால் கொதி ஏறிவிட்டால் அவள் தமிழுக்கு வந்துவிடுவாள், அது அவள் பழக்கம். அந்தக் கண்டக்டருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து அவள் இறங்கி, குடையை விரித்து நடக்கத் தொடங்கும்வரை பஸ் அசைவதில்லை.

விடிந்தால் ரப்பர் மலை. பால் வெட்டி, சிரட்டைகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது மத்தியானமாகிவிடும். புருஷனுக்குப் பெல்மதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. சனிக்கிழமை வருவான், இவள் பேசுவதைக் கேட்பான், திங்கட்கிழமை போய்விடுவான். பிள்ளை குட்டி இல்லை. தாய் போனபிறகு தங்கை தனுஜாவைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். தலைவாரி, சண்டைபோட்டு, ஊட்டிவிட்டு வளர்த்தாள்.

அந்தத் தனுஜாவைத்தான் சுமன் வெளிநாட்டுக்கு அனுப்பினான். சுமன் மேல் பிரிவுக்காரன். பால் வெட்டுக்காரனின் மகன்தான். கொழும்பில் யாரையோ பிடித்து, தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு ஏற்றிவிடும் ஏஜென்ட் ஆகிவிட்டான். வெள்ளைச் சட்டை, கையில் தடியான மணிக்கூடு, வாய் நிறைய அக்கா, தங்கச்சி. வருடம் பிறந்தால் லயத்தில் வீட்டுக்கு வீடு கலண்டர் கொடுப்பான். மேலே மாரியம்மன், கீழே அவன் படம், அதற்கும் கீழே அவன் போன் நம்பர். அம்மனுக்குப் பக்கத்தில் தன் மூஞ்சியைப் போடுகிறவனை அன்றைக்கே கண்டுபிடித்திருக்க வேண்டும். யாரும் பிடிக்கவில்லை.

தனுஜா பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். மாடியிலிருந்து தவறி விழுந்தாள் என்று ஒரு பேச்சு, ஏற்கெனவே நெஞ்சுக் கோளாறு இருந்தது என்று ஒரு பேச்சு. சுமன் வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே, தங்கச்சி. ஒரு வார்த்த சொல்லலியே.”

இப்படிச் சொல்லிச் சொல்லி அழுதான். லயத்துப் பொம்பளைகள் அவன் முதுகைத் தடவிவிட்டார்கள். அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். உண்மை விஜயகலாவுக்குத்தான் தெரியும். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தனுஜா வேலைசெய்த வீட்டுப் போனிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துப் பேசியிருந்தாள். “சுமன் அண்ணன்கிட்ட அழுது அழுது வொய்ஸ் போட்டுட்டேங்க்கா, கூட்டிட்டுப் போங்கன்னு. பொறுத்துக்கோன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு.”

விஜயகலா அதை அந்தச் சனத்துக்கு முன்னாலேயே சொன்னாள். யார் நம்பினார்கள்? பேசிய பேச்சு காற்றோடு போயிற்று, காட்ட ஒன்றுமில்லை. “பாவம், துக்கத்துல என்னவோ பேசுது,” என்று அவளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்கள். நாயைக்கூட அடக்கிய வாய் அன்றைக்கு அடங்கிப்போனது. தங்கை செத்த துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் பொய் ஜெயித்து, தன் உண்மை தோற்றதை அவளால் செரிக்க முடியவில்லை. அதே சனத்துக்கு முன்னால், அதே தோட்டத்தில், அவன் வாய் அடைபட வேண்டும். அதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

வழியைச் சொன்னது சோமாக்கா. பக்கத்து மலையில் பால் வெட்டும் சிங்களப் பொம்பளை. கடற்கரைப் பக்கம் ஒரு தேவாலே, சிங்களச் சனத்தின் சாமி கோயில், இருக்கிறதாம். களவு கொடுத்தவர்கள், அநியாயம் பட்டவர்கள் அங்கே போய், அம்மியில் செத்தல் மிளகாய் அரைத்து, செய்தவன் பெயரைச் சொல்லிச் சாபம் விடுவார்களாம். “ஆனா உப்பு மட்டும் போட்டுடாதே நங்கி,” என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னாள் சோமாக்கா. “உப்புப் போட்டா அது சாப்பாடு ஆகிடும்.”

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று விஜயகலா யோசித்தாள். அம்மி வீட்டில் இருக்கிறது. மிளகாய் இருக்கிறது. சாமி எங்கே இருந்தாலும் கேட்கும். சுமனுக்குத்தான் கேட்க வேண்டும். அதற்காகவே டவுனுக்குப் போய் ஒரு டச் போன் வாங்கினாள். அதுவரை அவளிடம் இருந்தது பொத்தான் போன். கடைக்காரனிடம் வாட்ஸ்அப் போடச் சொல்லி, வொய்ஸ் அனுப்பப் பழகிக்கொண்டு வந்தாள். போன வருடத்துக் கலண்டர் இன்னும் ஆணியில்தான் தொங்கியது. அதைப் பார்த்து நம்பரைப் போட்டாள். சுமனின் வெள்ளைச் சட்டைப் படம் போனில் வந்து சிரித்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அது ஒரு வேலையாகிவிட்டது. போனை அம்மிக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பாள். மிளகாயை அள்ளிப் போட்டு, குழவியை இழுப்பாள்.

“டேய் சுமன், கேட்டுக்க. இந்த மிளகா எரியுற மாதிரி ஒன் வயிறு எரியணும். சோத்துல கைய வச்சா கசக்கணும். படுத்தாத் தூக்கம் வரக்கூடாது. பேசுறதுக்கு ஒரு சனம் இல்லாம நாலு செவுத்துக்குள்ள கெடந்து சாகணும். எந்தக் கையால என் தங்கச்சிய ஏத்திவுட்டியோ, அந்தக் கை வெந்து போகணும்.”

இது சும்மா முன்னுரை. முழுவதையும் எழுதினால் அச்சுக்கூடத்தில் வெட்டிவிடுவார்கள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழும். கேட்டுவிட்டான். பதில் மட்டும் வராது. எப்படி வரும், பதில் சொல்ல முகம் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடவே சாப்பிடுவாள்.

ஒன்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. டவுனில் காணும்போதெல்லாம் சுமன் கன்னம் உப்பிக்கொண்டே போனான். “என்னக்கா, சொகமா?” என்று கூசாமல் கேட்டான். இத்தனை மிளகாய்க்கும் ஒரு தும்மல்கூட இல்லையா? சனியன், தோல் அவ்வளவு தடிப்பா? விஜயகலா மிளகாயைக் கூட்டினாள்.

பிறகு ஒருநாள் பதில் வந்தது. மழை நாள், பால் வெட்டு இல்லை. காலையிலேயே அரைத்து அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் சத்தம் கொடுத்தது. தண்ணீர்க் குழாய் ஓடுகிற இரைச்சல், அதற்குள் ஒரு பெண்பிள்ளையின் குரல்.

“அக்கா, நீங்க சம்பலுக்கு உப்பே போடுறதில்லியா? எப்பவுமே உப்புக் கல்லு நசுங்குற சத்தம் வரலியேக்கா. கட்டச் சம்பலுக்கு உப்பு வேணாமா?”

விஜயகலா அதைத் திரும்பவும் கேட்டாள். இது என்ன கூத்து? மனிசி சாபம் விட்டுக்கொண்டிருக்கிறாள், இவள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலுக்கு உப்புக் கேட்கிறாள். சுமன் புதிதாக யாரையோ சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, ஒரு பாட்டம் ஏசினாள். “யாருடி நீ? அவன் எங்க? அவன்கிட்ட போனக் குடு.”

பதில் உடனே வரவில்லை. அடுப்பில் வைத்த சோறு குழைந்தபிறகு வந்தது. அந்தப் பிள்ளை பெயர் ரோஷானி. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம். வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம். தாய் பிலோமினம்மா. அவளையும் சுமன்தான் ஏற்றிவிட்டிருந்தான். போகும்போது, “இந்தா தங்கச்சி, அண்ணன் பழைய போன் வச்சுக்க,” என்று கண்ணாடி வெடித்த தன் போனை சிம்மோடு தூக்கிக் கொடுத்திருக்கிறான். தனக்குப் புதுப் போன், புது நம்பர். பழையதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. வேலைக்காரப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்ற எண்ணம்தான்.

“அவரு இல்லக்கா, நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் ரோஷானி. “இங்க யாருமே தமிழ் இல்ல. அம்மாகிட்ட பொத்தான் போன்தான், அவங்களுக்கு இதுல எடுக்க ஏலாது. பாத்ரூமுக்குள்ள வந்து கொழாயத் தொறந்துவிட்டுட்டு நீங்க ஏசுறதக் கேப்பேன். அம்மி சத்தம் கேட்டா வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும். நான் வேற ஆளுன்னு சொன்னா நீங்க நிப்பாட்டிருவீங்கன்னு பயந்துதான் சொல்லல. மன்னிச்சுக்குங்க.”

விஜயகலா போனைக் கீழே வைத்தாள். மாதக் கணக்காக அரைத்த மிளகாய் முழுவதும் யாரோ பெற்ற பிள்ளையின் தலையில் போய் விழுந்திருக்கிறது. கை வேக வேண்டும் என்றாளே. நாலு சுவருக்குள் கிடந்து சாக வேண்டும் என்றாளே. அம்மியைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள்.

“ஒனக்கு எதுவும் ஆகலியே புள்ள?” என்று கேட்டாள். அவள் குரல் அப்படித் தாழ்ந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “நான் விட்டது ஒனக்கு இல்ல. ஒன் மேல ஒட்டாது.”

“கை வெந்துதான் இருக்குக்கா. அயன் பண்ற பெட்டியால சூடு வச்சாங்க. ஆனா அது நீங்க வொய்ஸ் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னமே நடந்தது. நீங்க சொன்னதெல்லாம் இங்க ஏற்கெனவே நடந்துக்கிட்டுதான்க்கா இருந்திச்சு.”

அதைக் கேட்டு விஜயகலா அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் மாறின. அம்மி ஓடும், ஆனால் உப்போடு. உப்புக் கல் நசுங்குகிற சத்தம் நன்றாகக் கேட்கும்படி போனைக் கிட்ட வைப்பாள். சின்ன வெங்காயம் தட்டுவாள், தேசிக்காய் பிழிவாள், ரொட்டி தட்டுகிற சத்தத்தைக்கூட அனுப்புவாள். நடுநடுவே கங்காணியை ஏசுவாள், மழையை ஏசுவாள், புருஷனை ஏசுவாள். ரோஷானி சிரிப்பதை அடக்கிக்கொண்டு பதில் போடுவாள். முகம் காட்டி ஒருநாளும் பேசியதில்லை. அந்தப் பிள்ளைக்குக் குரல் மட்டும் விடவே பயமாக இருந்தது.

ஒருநாள் ரோஷானி கேட்டாள். “அக்கா, ஒங்க தங்கச்சி பேரு தனுஜாவா? இந்தப் போன்ல அவங்க சுமனுக்குப் போட்ட வொய்ஸ் எல்லாம் அப்பிடியே கெடக்கு. ஒங்களுக்கு அனுப்பட்டா?”

விஜயகலா குழவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தனுஜாவின் குரல். பெட்டிக்குள் முகத்தைக்கூடக் காட்டாமல் மூடிய அந்தப் பிள்ளையின் குரல் ஒரு உடைந்த போனுக்குள் இருக்கிறது. கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. இருந்தாலும், “வேணாம்,” என்றாள். “எனக்கு அனுப்பாத. நான் கேட்டா அழுதுருவேன். அழுதா என் கோவம் ஆறிரும். கேக்க வேண்டிய சனம் வேற இருக்கு.”

கேட்க வேண்டிய சனம் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கென்று தோட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இரண்டு பிரிவும் அதில் அடக்கம். சுமன் பழைய நம்பரோடு அதில் இருந்தவன், புது நம்பரோடு மறுபடி சேர்ந்துகொண்டான். பழையது விலகவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஆகவே ரோஷானியும் சத்தமில்லாமல் அந்தக் குரூப்பில்தான் கிடந்தாள். அந்தப் போனிலிருந்து எது வந்தாலும் எல்லார் போனிலும் சுமன் என்றுதான் விழும், வெள்ளைச் சட்டைப் படத்தோடு.

அந்த வருடம் கோயிலுக்கு வர்ணம் பூசிக் கொடுத்தது சுமன். அதனால் பரிவட்டம் அவன் தலைக்குத்தான் என்று பேச்சு. பரிவட்டம் என்றால் சாமிக்கு முன்னால் தலையில் கட்டும் பட்டு. தோட்டத்திலேயே பெரிய மரியாதை. தனுஜாவைத் தின்றவன் தலையில் அம்மன் பட்டா? இதைக் கேட்டதும் விஜயகலாவுக்குத் திட்டம் முழுதாக வந்துவிட்டது. வந்த வேகத்தில் பயமும் வந்தது. சுமன் சும்மா இருப்பானா? அந்த நாட்டு ஏஜென்டுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பிள்ளையின் போன் பறிபோகும். அதற்குமேல் என்ன போகும் என்று யாருக்குத் தெரியும்? செத்தவளுக்குப் பழி வாங்கப்போய் இருக்கிறவளையும் கொடுத்துவிடலாமா?

திட்டத்தை ரோஷானியிடம் சொல்லிவிட்டு, “வேணாம் புள்ள,” என்றாள். “நீ மொதல்ல வந்து சேரு. அவன அப்புறம் பாத்துக்கலாம்.”

“சும்மா இருந்தா யாருக்கா என்னக் கூட்டிட்டு வருவாங்க?” என்றாள் ரோஷானி. “நீங்க சேதி சொல்லி அம்மா போய்க் கேட்டதுக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்கன்னுதான் சொல்லியிருக்காரு. தனுஜாக்கா மெதுவாத்தான் அழுதாங்க. அதான் யாருக்கும் கேக்கல. ஒங்க சத்தத்த இத்தன நாள் கேட்டுட்டு நானும் மெதுவா அழணுமா?”

திருவிழா அன்று காலை. கோயில் வாசலில் மேளம் ஓய்ந்திருந்தது. கோயில் தலைவர் மூக்கையா பரிவட்டத்தை மடித்துத் தட்டில் வைத்திருந்தார். சுமன் வெறும் மேலோடு, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். விஜயகலா கூட்டத்தில் கடைசியில் நின்றாள். சேலை முந்தானைக்குள் அவள் போன் ரோஷானியோடு பேசுகிற நிலையில் திறந்தே இருந்தது.

“போடு புள்ள,” என்றாள்.

முதலில் ஒரு பையில் போன் துடித்தது. பிறகு இடுப்பில், கையில், சட்டைப் பையில். சுமன் வொய்ஸ் போட்டிருக்கிறார் என்று ஒருத்தி அமுக்கினாள். முன்னால் நிற்கிறவன் எப்படிப் போட்டான் என்று யோசிப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

“சுமன் அண்ணே, கும்புட்டுக் கேக்குறேன், என்னக் கூட்டிட்டுப் போயிருங்க. அடிக்கிறாங்கண்ணே. மாடியில பூட்டி வைக்கிறாங்க. அக்காகிட்ட சொல்லாதீங்க, அக்கா தாங்காது. நீங்க மட்டும் வந்து கூட்டிட்டுப் போயிருங்கண்ணே.”

தனுஜா. இன்னொரு போனிலும் அவள் பேசத் தொடங்கினாள். இன்னொன்றிலும். முன்னும் பின்னுமாக, கோயில் வாசல் முழுக்க அந்தப் பிள்ளை அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழேயே சுமனின் பதிலும் இருந்தது, ரோஷானி அதையும் விடவில்லை. “பொறுத்துக்க தங்கச்சி. சும்மா சும்மா தொல்ல குடுக்காத.”

அன்றைக்கு அவன் முதுகைத் தடவிய பொம்பளைகள் அவனைப் பார்த்தார்கள். சுமன் முகத்தில் ஈயாடவில்லை.

“இது என் பழைய போன்,” என்றான். “யாரோ களவா எடுத்து இப்பிடிப் பண்றாங்க. அழிங்க, மூக்கையாண்ணே. நீங்கதானே குரூப் அட்மின்.”

“எனக்கு அழிக்கத் தெரியாதுப்பா,” என்றார் மூக்கையா. அவருக்கு நன்றாகத் தெரியும். “பழைய போன்னு நீயே சொல்ற. யாருகிட்ட குடுத்த?”

அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாப் போனும் மறுபடி துடித்தன.

“என்கிட்டதான் குடுத்தாரு. என் பேரு ரோஷானி. தெரணியகல பிலோமினம்மா மக. நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன். செத்தப்புறம் இவரு வந்து அழ வேணாம். இப்பவே என்னக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

மூக்கையா பரிவட்டத்தை எடுத்து அம்மன் காலடியில் திருப்பி வைத்தார். “அந்தப் புள்ள வந்து இந்த வாசல்ல நிக்கட்டும்,” என்றார். சுமன் ஏதோ சொல்ல வந்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விஜயகலா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் அரைத்ததை எல்லாம் கொட்டப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் அவன் அடைத்துப்போன வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்த பிறகு, வேலிப் பக்கம் போய் உட்கார்ந்து, தங்கையின் குரலைத் தன் போனில் போட்டு, முதல்முறையாகக் கதறி அழுதாள். கோபம் ஆறும் என்று பயந்தாளே, அது ஆறவில்லை.

அன்று மாலையே ரோஷானியின் போன் செத்தது. விஜயகலா அனுப்பியதற்கெல்லாம் ஒற்றைக் கோடுதான் விழுந்தது. அவள் பிலோமினம்மாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனாள், கொழும்புக்குப் போனாள், கதவைக் கண்ட இடமெல்லாம் தட்டினாள். மிச்ச நேரத்தில் சுமன் வீட்டு வாசலில் போய் நின்றாள். முதலில் தனியாகத்தான் நின்றாள். பிறகு லயத்துப் பொம்பளைகளும் பால் வாளியோடு வந்து நின்றார்கள். பேசுவது அவள் மட்டும்தான். சுமன் யார் யாரையோ பிடித்து, யார் காலிலோ விழுந்து, கடைசியில் அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் வந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரே சனம். பிலோமினம்மா கட்டையானவள், எட்டிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவன் அவளை இடித்துவிட்டுப் போனான். விஜயகலா அவனைப் பிடித்துக்கொண்டாள். சிங்களத்தில் தொடங்கி, கொதி ஏறி, தமிழுக்கு வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, தூரத்தில் போய்க்கொண்டிருந்த மெலிந்த பிள்ளை ஒன்று சட்டென்று நின்று திரும்பியது. கையில் துணி சுற்றியிருந்தது.

“அக்கா,” என்றது.

இப்போது வழக்கு நடக்கிறது. நடக்கிறது என்று பெயர், தேதி தள்ளிக்கொண்டே போகிறது. சுமன் இரத்தினபுரியில் யார் வீட்டிலோ இருக்கிறான், மறுபடி நம்பரை மாற்றிவிட்டான். அந்த நம்பரையும் சோமாக்கா எப்படியோ தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரோஷானி தெரணியகலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். விஜயகலா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை கேட்காமலே டின்னைத் திறந்து, மிளகாயை அள்ளி அம்மியில் போட்டது. வடு விழுந்த கையால் குழவியைப் பிடித்தது. சம்பலுக்குத்தான் என்று நினைத்து, விஜயகலா உப்புச் சிரட்டையை எடுத்து நீட்டினாள்.

“போனப் பக்கத்துல வைங்கக்கா,” என்றாள் ரோஷானி. “உப்பு வேணாம்.”